ஒராகல் 651 வினைல்: தமிழ்ப் பெயர்ப்பலகைக்கு எவ்வளவு தாங்கும்?

தூத்துக்குடியில் 11 ஆண்டுகளாகப் பெயர்ப்பலகைக் கடை நடத்திவருகிறேன். ஸ்டிக்கர் கட்டிங், கண்ணாடி எழுத்து, ஏசிபி பலகை (இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) ஆகியவையே எங்கள் முதன்மையான வேலைகள். கடந்த மூன்று கோடைகளாக வெளிப்புறப் பலகைகளுக்கு ஜெர்மனியின் ஒராஃபோல் நிறுவனம் தயாரிக்கும் ஒராகல் 651 என்ற வினைலையே, அதாவது பின்புறம் பசையுள்ள பிளாஸ்டிக் தாளையே, பயன்படுத்திவருகிறேன். புதிதாகக் கடை தொடங்குபவர்கள் எந்த ரோல் வாங்கலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்பதால், இதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

இந்த வினைலுக்கு நான் மாறியதற்குக் காரணம் ஒரு மளிகைக் கடையின் பலகை. வெள்ளை ஏசிபி மீது சிவப்பு எழுத்துகளை ஒட்டிக் கொடுத்திருந்தேன். விலை ஏறக்குறையப் பாதிதான் என்பதற்காக, பெயர் தெரியாத ஒரு மலிவு ரோலை அதற்குப் பயன்படுத்தியிருந்தேன். ஒரு கோடை கடந்ததும் கடையின் அண்ணாச்சி ஒரு செய்தித்தாள் துண்டை மடித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் பிரித்து வைத்தார். உள்ளே நான்கு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. “தம்பி, புள்ளியெல்லாம் கீழ கெடந்துச்சு, பொறுக்கிட்டு வந்திருக்கேன்” என்றார். அவர் கோபப்படவில்லை என்பதே என்னை அதிகமாக வருத்தியது. அந்தப் புள்ளிகளை எடுத்துப் பார்த்தேன். சுருங்கி, ஓரம் மேல்நோக்கி வளைந்து, நகத்தால் அழுத்தினால் ஒடியும் அளவுக்குக் காய்ந்திருந்தன. பலகையில் மீதமிருந்த எழுத்துகளைச் சுற்றிலும் பசை வெளியே தெரிந்து, அதில் தூசி படிந்து கறுப்புக் கோடாகிவிட்டது.

புள்ளி முதலில் விழுந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. மலிவான வினைல் தாள் சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்துச் செய்யப்படுவது. வெயிலில் சூடேறும்போது அது தன் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது. அதற்கு நெகிழ்ச்சி தரும் சேர்மம் மெல்லமெல்ல வெளியேறுவதால் தாள் விறைத்தும் போகிறது. இந்தச் சுருக்கம் எழுத்தின் ஓரத்தில்தான் பசையை இழுக்கிறது. பரப்பு குறைவாகவும் அதற்கேற்ப ஓரம் அதிகமாகவும் உள்ள சிறு துண்டே முதலில் கழன்றுவிழும். ஆங்கிலப் பலகையில் அத்தகைய துண்டுகள் சிலவே இருக்கும். தமிழில் மெய்யெழுத்துதோறும் ஒரு புள்ளி உண்டு, அது விழுந்தால் சொல்லே மாறிவிடும். ஆகவே ஒரு வினைல் நம் ஊர்ப் பலகைக்கு ஏற்றதா என்பதை அதன் பளபளப்பையோ நிற அட்டையையோ பார்த்துத் தீர்மானிக்காமல், புள்ளியைப் பிடித்து வைக்கிறதா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

651-ம் உருளையில் அழுத்திச் செய்யப்படும் வகைதான் என்றாலும் மலிவு ரோலைவிட மிக நிலையானது. இதன் தடிமன் 63 மைக்ரான். பசை நிரந்தர வகையைச் சேர்ந்தது. வெட்டிய பிறகு வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போது எழுத்தின் உட்சுழிகள் தாளோடு எழும்பி வருவதில்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். ‘ஞ’, ‘ழ’, ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளில் மணிக்கணக்கில் ஊசியோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிளாட்டர் எனும் வெட்டும் இயந்திரத்தில் 45 பாகைக் கத்தியைப் பொருத்தி, வினைலுக்கு அடியிலுள்ள தாளில் மெல்லிய கீறல் மட்டும் விழும்படி அழுத்தம் வைத்தால் போதும். சிறிய எழுத்துகளுக்கு மட்டும் 60 பாகைக் கத்திக்கு மாறி, பிளாட்டரின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ரோலையும் தொடங்கும்போது ஒரு சதுரத்தை வெட்டி உரித்துப் பார்ப்பதை நான் தவிர்ப்பதே இல்லை.

எந்த வினைலும் பிழையான கோப்பைக் காப்பாற்றாது. நம் கடைகளில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களைக் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வைத்தே வேலை செய்கிறோம். அவற்றில் கொம்பும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்களை இணைக்காமல் அனுப்பினால், பிளாட்டர் அந்த இடத்தில் எழுத்தின் நடுவே கோடு வெட்டிவிடும். கோடை வந்ததும் அந்த வெட்டு வாய் பிளக்கும். எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, ஏறிநிற்கும் பகுதிகளை ‘வெல்ட்’ செய்து ஒரே வடிவமாக்கிய பிறகே வெட்ட வேண்டும். புள்ளியையும் எழுத்துரு தருகிற அளவிலேயே விட்டுவிடாமல் சற்றுப் பெரிதாக்குங்கள். வெளிப்புறப் பலகையில் விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளியை நான் இப்போது வெட்டுவதில்லை. பத்தடி தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்ற பொதுக் கணக்கு ஆங்கில எழுத்தை வைத்து வந்தது. சுழிகள் நிறைந்த தமிழுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பது நல்லது. தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3 பங்கு, பிற மொழிக்கு 2 பங்கு என்று தமிழ்நாட்டுப் பெயர்ப்பலகைகளுக்கு அரசு விகிதம் வகுத்திருப்பதும் இந்த இடத்தில் நமக்குத் துணையாகிறது. ஆங்கிலத்தைப் பெரிதாக்கச் சொல்லும் வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே எடுத்துச்சொல்லிவிட்டால், பிறகு பலகையைக் கழற்றி மாற்ற வேண்டிய சங்கடம் அவருக்கும் வராது.

இந்த வினைலின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். கறுப்பு, வெள்ளை நிறங்களுக்கு 6 ஆண்டுகள் வரையும் மற்ற நிறங்களுக்கு அதைவிடக் குறைவாகவும் நிறுவனம் ஆயுள் குறிப்பிடுகிறது. ஆனால் அது மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்தில், செங்குத்தாக நிறுத்திய பலகைக்கு உரிய கணக்கு. மேற்கு பார்த்த கடையில் நம் மே மாத வெயிலை நாள்தோறும் வாங்கும் பலகைக்கு அந்த எண்ணை அப்படியே வாக்குறுதியாகக் கொடுப்பது நேர்மையாகாது. நான் கறுப்புக்கு நான்கு ஆண்டுகள் என்றும், நிறங்களுக்கு மூன்று ஆண்டுகள் என்றும் ரசீதிலேயே எழுதிக் கொடுக்கிறேன். காரின் வளைந்த பம்பர் போன்ற பரப்புகளுக்கு இது ஏற்றதன்று; அதற்கு வார்ப்பு முறையில் செய்யப்படும் 951 போன்ற தாள் வேண்டும். திருவிழாத் தள்ளுபடி அறிவிப்பைக் கண்ணாடியில் ஒட்டிப் பத்து நாளில் எடுக்க வேண்டுமென்றாலும் 651 வேண்டாம். அதன் பசையைச் சுரண்டி எடுக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். எளிதில் உரியக்கூடிய 631 வகை அதற்கென்றே இருக்கிறது.

பலகைப் பரப்பைத் துடைப்பதில் எங்கள் ஊருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. உப்புக் காற்று ஏசிபி மீதும் கண்ணாடி மீதும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொண்டு மட்டும் துடைத்தால் அந்த உப்பு முழுவதும் போவதில்லை. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே ஆல்கஹாலில் துடைக்கிறேன். புதிதாக வண்ணம் அடித்த தகரத்தின்மீது மறுநாளே ஒட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். வண்ணம் முழுவதும் காயுமுன் ஒட்டினால் உள்ளிருந்து வரும் ஆவி கொப்புளமாகும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவது பெரிய எழுத்துகளுக்கு உதவும் என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த ஈரம் உலர நெடுநேரம் ஆகிறது. அந்த நாள்களில் நான் உலர்முறையிலேயே ஒட்டி, ஸ்குவீஜி எனும் தேய்ப்புப் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, எழுத்துகளைப் பலகைக்கு மாற்ற மேலே ஒட்டிய டேப்பை எடுத்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் பெருவிரலால் தனியாக அழுத்திவிடுகிறேன்.

விலையைப் பொறுத்தவரை, 61 சென்டிமீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் கொண்ட ரோலில் ஏறக்குறைய 328 சதுர அடி இருக்கிறது. புதியவர்கள் ரோலின் விலையை இந்த எண்ணால் வகுத்துச் சதுர அடி விலை கண்டு நட்டப்படுகிறார்கள். ஓரக் கழிவு, சோதனை வெட்டு, எழுத்துகளுக்கு இடையே வீணாகும் பகுதி எல்லாம் போக எங்கள் கடையில் 250 சதுர அடிக்குத்தான் காசு வருகிறது. அந்த எண்ணால் வகுத்தாலும், பலகையின் மொத்தச் செலவில் வினைலின் பங்கு சிறியதே. ஏணி, ஆள்கூலி, கழற்றி மீண்டும் ஒட்டும் ஒரு நாள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் மலிவு ரோலில் மிச்சப்பட்ட பணம் நிற்பதே இல்லை. தொடக்கத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் ஆகிய நான்கு நிறங்களை மட்டும் முழு ரோலாக வாங்கிவைத்து, மற்றவற்றை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். ரோல்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், வெயில் படாத அறையில் செங்குத்தாக நிறுத்துங்கள்.

அண்ணாச்சியின் பலகையை என் செலவிலேயே 651 சிவப்பில் மாற்றிக் கொடுத்திருந்தேன். சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது ஏணி கேட்டு வாங்கி ஏறிப் பார்த்தேன். அதே ரோலில் மிச்சமிருந்த துண்டை அருகே வைத்துப் பார்த்தபோது பலகையின் சிவப்பு சற்று வெளுத்திருப்பது தெரிந்தது. நகத்தால் தட்டியும் எந்தப் புள்ளியின் ஓரமும் எழும்பவில்லை. கீழே இறங்கியதும் நிறம் வெளுத்ததைச் சொன்னேன். அடுத்த கிளைக்கான பலகையில் எழுத்தைக் கறுப்பிலேயே வைத்துவிடச் சொன்னார்.