வேர்ட்ஃபென்ஸ்: கோத்தகிரி ஹோம்ஸ்டே தளங்களில் நீண்டகால அனுபவம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே, டீத்தூள் கடை, சாக்லேட் கடை நடத்துபவர்களின் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் இணையதளங்களைப் பராமரிப்பது என் வேலை. எல்லாவற்றிலும் வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்புப் பிளகினின் (பிளகின் என்பது தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) இலவசப் பதிப்பை வருடக்கணக்கில் ஓட்டி வருகிறேன். இது பல தாக்குதல்களைத் தடுக்கும். நான் முக்கியமாகப் பார்ப்பது, பிளகின்களில் வரும் ஃபைல் இன்க்ளூஷன் ஓட்டைக்கு எந்த அளவு காவல் கிடைக்கிறது என்பதை.

அந்த ஓட்டை இப்படித்தான் வருகிறது: எந்த டெம்ப்ளேட் கோப்பைத் திறப்பது என்பதைப் பிளகின் வெளியிலிருந்து வரும் முகவரியில் பார்த்து, சோதிக்காமல் பிஹெச்பியின் (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) இன்க்ளூட் கட்டளையிடம் கொடுத்துவிடும். இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்று திரும்பத் திரும்ப அடித்தால், பிளகின் ஃபோல்டரைத் தாண்டி மேலே ஏறிவிடலாம். கோப்பைப் படிப்பதோடு இது முடிவதில்லை. உள்ளே பிஹெச்பி கோடு (நிரல் வரிகள்) இருந்தால் இன்க்ளூட் அதை ஓட்டிவிடும். பிரவுசர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒருவர் கோடு எழுதி அனுப்பினால் அது சர்வர் லாக்கில் (தளத்துக்கு வருகிறவர்களைக் குறித்துவைக்கும் கோப்பு) பதிவாகும். அந்த லாக்கையே இன்க்ளூட் செய்ய வழி கிடைத்தால் தளம் அவர் கைக்குப் போய்விடும்.

2022 ஜனவரியில் எலிமென்டருக்கான (பக்கங்களை வடிவமைக்கும் பிளகின்) எசென்ஷியல் ஆடான்ஸ் பிளகினில் இதே வகை ஓட்டை வெளியானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. 5.0.3, 5.0.4 இரண்டிலும் அடைக்கப் பார்த்தார்கள், 5.0.5இல்தான் முழுதாக அடைபட்டது. ஆகவே அப்டேட் வந்ததும் போட்டால் மட்டும் போதாது, அடுத்து வருவதையும் கவனிக்க வேண்டும்.

வேர்ட்ஃபென்ஸை நிறுவியதும் அது அடிப்படை நிலையில்தான் இருக்கும், அதாவது வேர்ட்பிரஸ் கிளம்பிய பிறகே வேலையைத் தொடங்கும். ஒரு பிளகினின் பிஹெச்பி கோப்பை நேரடியாக முகவரியில் கூப்பிட்டால் வேர்ட்பிரஸ் கிளம்பாமலே போகலாம், காவலும் இருக்காது. வேர்ட்ஃபென்ஸின் ஃபயர்வால் (தாக்குதல்களைத் தடுக்கும் பகுதி) பக்கத்தில் விரிவான பாதுகாப்பை இயக்கினால், எந்த பிஹெச்பி கோப்புக்கும் முன்னால் இது நிற்கும். இதைச் செய்யாமல் விடுவது பெரிய நஷ்டம். ஆனால் ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவை) மாற்றும்போது முதலில் இந்த விரிவான பாதுகாப்பை எடுத்துவிடுங்கள். பழைய சர்வரின் கோப்புப் பாதை அமைப்பில் அப்படியே தங்கினால் தளமே திறக்காமல் போகலாம்.

குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அக்கா, பழைய மெயில் பிளகினை நீக்கச் சொன்னபோது, "ஆஃப் பண்ணித்தானே வச்சிருக்கு தம்பி, அது என்ன பண்ணிடப் போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டீஆக்டிவேட் செய்தாலும் கோப்புகள் சர்வரில் அப்படியே கிடக்கும். 2016இல் மெயில் மாஸ்டா பிளகினில் தெரிந்த ஓட்டை, அதன் ஒரு கோப்பை நேரே கூப்பிட்டாலே வேலை செய்யக்கூடியது. சொன்னதும் அவரே டெலீட் செய்தார். கைவிடப்பட்ட பிளகின்களையும், வேர்ட்பிரஸ்.ஆர்க் பிளகின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பிளகின்களையும் வேர்ட்ஃபென்ஸ் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இலவசப் பதிப்பின் குறை, புதிய ஃபயர்வால் விதிகள் 30 நாள் கழித்தே வருவது. ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் புதிதாக ஒரு ஓட்டை வெளியானால், விதி வந்து சேர்வதற்குள் சீசனே முடிந்துவிடும். அதுவரை அப்டேட்தான் துணை. ஜூலை மழையில் மரம் விழுந்து கரண்டும் இணையமும் போனால் எச்சரிக்கை மெயில் வந்தும் பயனில்லை, லாகின் செய்யவே முடியாது. அதனால் 2020இல் வேர்ட்பிரஸ் 5.5 கொண்டுவந்த தானியங்கி பிளகின் அப்டேட்டை எல்லாத் தளங்களிலும் போட்டு வைத்திருக்கிறேன். தீமோடு (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) கட்டாக வரும் பிளகின்களுக்கு அது பெரும்பாலும் எட்டாது, அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

சிறிய அறிமுகத் தளத்துக்கு இலவசப் பதிப்பு போதும். முன்பதிவும் பணமும் தளத்திலேயே நடந்தால், கட்டணப் பதிப்பை ஏப்ரலுக்கு முன்பே வாங்கிவிடச் சொல்வேன்.