கடல் ஓசை 90.4: பாம்பன் நேயர் ஒருவரின் மதிப்பீடு

எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் முள் 90.4இல் நிற்கிறது. யாரும் அதைத் திருப்புவதில்லை. கடல் ஓசை, பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி. 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நிலையத்தில் பேசுகிறவர்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. கடலுக்குப் போய் வந்தவர்களும் உண்டு. கேட்பதற்குக் காசு கிடையாது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவையையும்விட இதைக் கறாராக எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். கடலுக்குப் போகும் ஆட்கள் இதைக் கேட்டு முடிவெடுக்கிறார்களே.

முதலில் அம்பாப் பாட்டு: துடுப்பு வலிக்கும்போதும் வலை இழுக்கும்போதும் மீனவர்கள் பாடும் வேலைப்பாட்டு. எங்கள் அப்பா கரைவலை இழுத்தவர். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஐலசா' என்று வாங்கிப் பாடுவார்கள். கயிறு நீளமாக இருக்கும்போது பாட்டு நிதானமாக நடக்கும். மடி கரையை நெருங்க நெருங்க வேகம் கூடும். பாட்டு தவறினால் இழுவை தவறும், இழுவை தவறினால் மீன் நழுவும். இயந்திரப் படகு வந்த பிறகு துடுப்புக்குப் பாட்டு தேவைப்படவில்லை. கரைவலைக்கும் ஆட்கள் குறைந்தார்கள். பாட்டு பெரியவர்களின் தொண்டையோடு நின்றுபோனது. அந்தப் பாட்டை இந்த வானொலியில் கேட்க முடிகிறது. திரைப்பாட்டுக்கு நடுவே ஒப்புக்கு வைத்ததுபோல அல்ல. பாடுகிற ஐயாவிடம் எந்த வேலைக்கு இது, அப்போது எந்த மீன் பட்டது, இப்போது ஏன் படவில்லை என்று பேச்சு தொடர்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாட்டில் தொடங்கும் பேச்சு பத்து நிமிடத்தில் மீன்வளத்துக்கு வந்துவிடுகிறது. 'அந்தக் காலத்தில்' என்று ஏங்கிக்கொண்டே அங்கு நின்றுவிடுவதில்லை.

'சமுத்திரம் பழகு' நிகழ்ச்சியை இதன் தொடர்ச்சியாகத்தான் கேட்கிறேன். கடலைக் காப்பது பற்றிய நிகழ்ச்சி. எங்கள் பகுதியில் இந்தப் பேச்சை எடுப்பது எளிதல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. 2001இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது. ஆமை, கடல்பசு வலையில் சிக்கினால் விட்டுவிட வேண்டும். இவையெல்லாம் அதிகாரியின் வாயிலிருந்து உத்தரவாகத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன. வயிற்றில் அடிக்கிறார்கள் என்ற கோபம் இன்றைக்கும் பல வீடுகளில் இருக்கிறது. அதே செய்தியை நம் பேச்சிலேயே பேசுகிற ஒருவர், கடல் அட்டை போனால் கடலடி மண்ணுக்கு என்ன ஆகும், பவளப்பாறை போனால் மீன் எங்கே குஞ்சு வளர்க்கும் என்று விளக்கும்போது, கேட்கிறவர்கள் எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். கேள்வி வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையைப் பற்றி வலை பின்னும் இடத்தில் இரண்டு தரப்பும் வாதாடுவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

வானிலை அறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்றின் வேகம், அலை உயரம், துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டின் எண் ஆகியவை தெளிவாக வருகின்றன. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். எங்களுக்கு இரண்டு கடல்: வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குக் காற்றான வாடைக் காலத்தில் வடகடல் முரண்டு பிடிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது நேர்மாறு. இதை அறியாத ஒருவர் 'ராமநாதபுரம் மாவட்டக் கடற்பகுதி' என்று பொத்தாம்பொதுவாக வாசித்தால் எங்களுக்குப் பாதிப் பயன்தான். பாம்பனில் பிறந்தவர் வாசிக்கும்போது எந்தக் கடலுக்கு எந்த எச்சரிக்கை என்று யாரும் கேட்க வேண்டியிருப்பதில்லை. தெலங்கானாவில் மாச்சனூர் கிராமத்துத் தலித் பெண்கள் 2008 முதல் நடத்தும் சங்கம் ரேடியோவிலும் இதே முறைதான்: அவர்களுக்குச் சிறுதானியமும் விதையும் பாட்டும், எங்களுக்குக் காற்றும் மீனும் பாட்டும்.

குறை என்று சொல்ல வருவது நிலையத்தின் மீது அல்ல, சட்டத்தின் மீது. சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கும் ஒலிபரப்புத் திறன் 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் ஒலி தேய்ந்துவிடும். நிலத்தில் இருக்கும் ஊருக்கு அது போதும். எங்கள் நேயர்கள் வேலை பார்க்கும் இடமே கடல். மிக அவசரமாக எச்சரிக்கை தேவைப்படும் நேரத்தில் விசைப்படகு ஒலி எட்டும் எல்லைக்கு வெளியே இருக்கும். செயலி வழியாக வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள்கூடக் கேட்க முடிகிறது. கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிய படகால் முடிவதில்லை. கடலோர நிலையங்களுக்கு மட்டுமாவது கூடுதல் வாட் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று செய்தி. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். இலங்கைக் கடற்படையிடம் படகும் ஆட்களும் பிடிபட்டார்கள் என்றால் தெருவே அழுதுகொண்டிருக்கும். எங்கள் வானொலி அதை விசாரித்துச் சொல்ல வழியில்லை. அலைவரிசை மக்களின் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2006இல் தொண்டு நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்று அரசு கதவைத் திறந்தது. அந்தப் பொதுச்சொத்தில் எங்கள் ஊர்ச் செய்திக்கு மட்டும் இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணம்? விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் என்று 2024இல் விதியைத் தளர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் மீன் கடையும் வலைக் கடையும் எவ்வளவு விளம்பரம் கொடுத்துவிடும்? மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் கடைத்தெருவே காய்ந்து கிடக்கும்.

என்னுடைய விருப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்க மூழ்கும் பெண்களின் குரல் இன்னும் அதிகமாக ஒலிக்க வேண்டும். எந்தத் தீவை ஒட்டி என்ன வளர்கிறது, எந்த மாதம் அறுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களுடைய வருமானம், கண்ணாடி, கையுறை, பாதுகாப்பு பற்றிய பேச்சும் அதோடு சேர்ந்தே வரும். அம்பாப் பாட்டுப் பதிவுகள் அனைத்தையும் பாடியவர் பெயர், ஊர், வேலை எழுதி வரிசைப்படுத்தி, பள்ளிகளுக்கும் கொடுக்க வேண்டும். பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் தீவுக்குள் நுழைந்ததும் கைப்பேசியிலோ வண்டியிலோ 90.4 வைத்துப் பாருங்கள். மாலை நேரப் பேச்சு நிகழ்ச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. தங்கச்சிமடம், அக்காமடம் பக்கத்து ஆட்களாக இருந்து, வீட்டில் அம்பா பாடத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களை நிலையத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடியாதவர் என்றால் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, வீட்டிலேயே பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.