கட்டி முடித்த கடனுக்கு ‘செட்டில்டு’ முத்திரை: கிளைக்குப் போவதா, சிபிலுக்கு எழுதுவதா?

தேயிலைக் காசில் தவணை கட்டி, கடைசி ரூபாய் வரை நான் அடைத்த பைக் கடன். வீட்டுக் கூரையை மாற்ற வேறு வங்கியில் கடன் கேட்டபோதுதான் தெரிந்தது, கடன் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘செட்டில்டு’ என்று இருக்கிறது. வராத பாக்கியை வங்கி கைகழுவிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அப்படி ஒரு வரி இருந்தால் புதிதாகக் கடன் கொடுப்பவர் தயங்கத்தான் செய்வார்.

கோத்தகிரியில் யாரைக் கேட்டாலும், “பிராஞ்சுக்கே நேரா போயிடுங்க” என்பார்கள். அதில் நியாயம் உண்டு. தகவலைக் கொடுத்தது வங்கி. வங்கிகள் தரும் கடன் விவரங்களைத் தொகுத்து அறிக்கையாகத் தரும் நிறுவனம்தான் சிபில். வங்கி ஒப்புக்கொள்ளாமல் அது தானாக ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. நாட்டில் இருக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்குமே வங்கி தகவல் அனுப்பியாக வேண்டும். அதனால் மூலத்தில் திருத்துவதே முழுத் திருத்தம். ஆனால் வாய்வார்த்தையாகச் சொன்னால் கதை வேறு. மூன்று முறை போனேன், மூன்று நாள் இலை பறிப்பு கெட்டது. “கோயம்புத்தூருக்கு மெயில் போட்டிருக்கோம் சார்” என்பதைத் தவிர கையில் ஒன்றும் இல்லை.

சிபில் தளத்தில் ஆட்சேபம் பதிய காசு கிடையாது. பதிந்தவுடன் ஓர் எண் வரும், நாள் கணக்கும் தொடங்கிவிடும். 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள். 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, யார் தாமதமோ அவர் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. குறை என்னவென்றால், வங்கியில் யாரோ ஒருவர் பழைய பதிவையே பார்த்து “சரிதான்” என்று பதில் அனுப்பினால் ஆட்சேபம் அத்தோடு மூடப்படும். (ஓடிபி வருவதற்காக நான் எஸ்டேட் பள்ளத்திலிருந்து மேட்டு வளைவுவரை ஏறியது தனிக் கதை.)

என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். நிலுவை இல்லைச் சான்றிதழின் நகலோடு கிளையில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, மறுநகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். அப்புறம் சிபிலில் பதியுங்கள். ஒன்றை மட்டும்தான் முடியும் என்றால், முத்திரை வாங்கிய கடிதத்துக்கே என் ஓட்டு.

‘ஸ்கோர் (கடன் மதிப்பெண்) ஏற்றித் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள். சரியாக இருக்கும் பதிவை அவர்களாலும் அழிக்க முடியாது. தவறானதைத் திருத்த நாம் நிரப்பும் அதே படிவத்தைத்தான் அவர்களும் நிரப்புவார்கள், கூடவே நம் ஓடிபியும் கேட்பார்கள்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் எடுத்த எடுப்பில் போகும் வழி அல்ல. 30 நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் அங்கே போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகாரையும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த முத்திரை வாங்கிய நகல் இங்கேயும் உதவும்.

எனக்கு அதுவரை போகவில்லை. நான்காவது வாரத்தில் சிபிலில் மாறிவிட்டது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், அடுத்த மாதம் எக்ஸ்பீரியனிலும் எடுத்துப் பார்த்தேன். அங்கும் ‘குளோஸ்டு’.