சிக்கன சஃபாரியில் சாப்பாடு: சமையல்காரரா, சொந்த அடுப்பா, வழிக்கடையா?

அருஷாவில் கிளம்பி மன்யாரா ஏரி, செரெங்கேட்டி, ங்கோரோங்கோரோ என்று வட தான்சானியாவைக் கூடாரத்தில் தங்கிச் சுற்றுகிறவர்கள், செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கைவைப்பது சாப்பாட்டில். அதில் கைவைத்துப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். செரெங்கேட்டிக்குள் ஒரு வெளிநாட்டவர் ஒரு நாள் இருக்க 60 முதல் 70 டாலர். பொது முகாமில் கூடாரம் அடிக்க ஆளுக்கு 30 டாலர் அளவில். ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்குவதற்கு மட்டும் 250 டாலர். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வரி. இதில் பேரம் பேச இடமே இல்லை. இந்தத் தொகைகளுக்குப் பக்கத்தில் வைத்தால், ஒருவரின் மூன்று வேளைச் சமையலுக்கான காய், அரிசி, முட்டைச் செலவு சில்லறை. எனவே நான் ஒப்பிடப்போவது விலையைக் கொஞ்சம். நேரத்தையும் வயிற்றையும் அதிகம்.

வழி மூன்று. சஃபாரி நிறுவனம் அனுப்பும் சமையல்காரர் கையால் சாப்பிடலாம். வாடகை வண்டி எடுத்து நாமே சமைக்கலாம். அல்லது போகிற ஊர்களில் கடையில் சாப்பிடலாம்.

சமையல்காரர்

சிக்கன சஃபாரி என்றாலும் பெரும்பாலான நிறுவனங்கள் ஓட்டுநர்-வழிகாட்டியோடு ஒரு சமையல்காரரையும் அனுப்புகின்றன. செரெங்கேட்டியின் நடுவில் இருக்கும் செரோனேராவின் பொது முகாம்களில் ஒரு சாயங்காலம் எட்டிப் பார்த்தால் விஷயம் புரியும். கம்பி வலை அடித்த சமையற்கூடம். பக்கத்திலேயே அதே மாதிரி வலைக்குள் சாப்பாட்டுக்கூடம். கூண்டுக்குள் மனிதர்கள், வெளியே கழுதைப்புலிகள். உள்ளே ஏழெட்டுக் குழுக்களின் சமையல்காரர்கள் ஆளுக்கொரு கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு, ஒருவரிடம் இருந்து இன்னொருவர் உப்பும் தீப்பெட்டியும் வாங்கியபடி, ஸ்வாஹிலியில் ஊர்க்கதை பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குவார்கள். காட்டைச் சுற்றிவிட்டு உடம்பெல்லாம் புழுதியோடு வந்து இறங்கினால் மேசையில் பாப்கார்ன், பிளாஸ்கில் வெந்நீர், டீத்தூள் பை, பால் பவுடர். ஒரு மணி நேரத்தில் சூப். பூசணியோ கேரட்டோ லீக்ஸோ, எதுவானாலும் சூடாக, நன்றாகவே இருக்கும். அப்புறம் சோறு அல்லது பாஸ்தா, ஒரு இறைச்சிக் குழம்பு, ஒரு காய்கறிக் குழம்பு, கடைசியில் பழம்.

சைவக்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். சமையல்காரரின் கணக்கில் சைவம் என்றால் பல சமயம் இறைச்சியை எடுத்துவிட்ட தட்டு, அவ்வளவுதான். கேரட், பீன்ஸ், குடைமிளகாய் போட்ட அதே குழம்பு மூன்றாம் நாளும் வரும். சூப்பில் மாட்டிறைச்சிச் சாறுக் கட்டி கரைந்திருக்கக் கூடும்; கேட்டால்தான் சொல்வார்கள். "சிலி ந்யாமா" (இறைச்சி சாப்பிட மாட்டேன்) என்று சொன்னால் கோழியும் மீனும் சேர்ந்ததா என்ற சந்தேகம் வரும். ஆகவே "சிலி குகு, சிலி சமாகி" என்று கோழியையும் மீனையும் தனித்தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

இதைச் சொல்ல வேண்டிய நேரம் முக்கியம். பயணம் முழுவதற்குமான சாமான் கிளம்புவதற்கு முன் அருஷாவிலேயே வாங்கப்படும். அதற்குள் சொல்லிவிட்டால் கிழக்கு ஆப்பிரிக்கச் சமையலில் நமக்குப் பழகிய ருசி நிறையவே கிடைக்கும்: மஹராகே என்ற சிவப்புப் பீன்ஸ் குழம்பு, பச்சைப்பயறில் செய்யும் சொரோகோ, ம்சிச்சா என்ற நம் தண்டுக்கீரையின் உறவுக்கார கீரை, கச்சும்பாரி என்ற வெங்காயத் தக்காளிப் பச்சடி, சப்பாத்தி. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், சிலவற்றை இந்தியாவில் இருந்து போனவர்கள் கொண்டுசேர்த்தார்கள். அங்கே சப்பாத்தி மைதாவில், எண்ணெய் தடவிச் சுருட்டித் தேய்த்து, வீட்டுப் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக வரும். ஒரு சின்ன டப்பாவில் சாம்பார்ப் பொடியோ மிளகாய்த்தூளோ கொண்டுபோய்ச் சமையல்காரரிடம் கொடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அளவு கேட்டு, ஆர்வமாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

குறை என்று சொன்னால், இவருக்கான இனாம். குழு மொத்தமாக நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து டாலர் கொடுப்பது வழக்கம். நாலு பேராகப் பிரித்தால் ஒன்றும் தெரியாது. தனியாகவோ தம்பதியாகவோ போனால் கொஞ்சம் உறைக்கும்.

சொந்த அடுப்பு

கூரைமேல் கூடாரம் பொருத்திய வண்டியை வாடகைக்கு எடுத்தால் அடுப்பு, பாத்திரம், சில வண்டிகளில் சின்ன ஃபிரிட்ஜ் வரை கூடவே வரும். அருஷாவின் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் இந்திய வம்சாவளியினர் நடத்தும் கடைகளிலும் பருப்பு, மசாலா, ஆட்டா கிடைக்கும். காகிதத்தில் இதுதான் மலிவு.

ஆனால் காட்டில் நல்ல காட்சிகள் விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும்தான். நாமே சமைத்தால் அந்த இரண்டு நேரத்திலும் அடுப்படியில் இருப்போம். ஒரு நாளுக்கு அத்தனை டாலர் கட்டி உள்ளே போய்விட்டு, சிங்கம் நடமாடும் நேரத்தில் குக்கர் தேய்ப்பதில் என்ன சிக்கனம்? போதாததற்கு ங்கோரோங்கோரோவின் விளிம்பில் இருக்கும் சிம்பா முகாம் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கர் இல்லாமல் சாம்பார் ஆசையோடு அங்கே போகாதீர்கள். இரவுக் குளிர் வேறு. விரல் விறைக்க விறைக்கப் பாத்திரம் கழுவ வேண்டும்.

நமீபியா என்றால் தீர்ப்பு தலைகீழ். அங்கே எட்டோஷா தேசியப் பூங்காவின் ஓகௌகுயோ போன்ற முகாம்களில் ஒவ்வொரு கூடார இடத்துக்கும் கரியடுப்பு மேடை உண்டு. விளக்குப் போட்ட நீர்க்குட்டை முகாமின் ஓரத்திலேயே இருப்பதால், சாப்பிட்டுவிட்டு நடந்துபோய்க் காண்டாமிருகம் பார்க்கலாம். ஊர்களில் நல்ல சூப்பர் மார்க்கெட்டுகள். சாலைகளில் தானே ஓட்டிப்போவதும் சுலபம். அங்கே சமையல்காரர் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: நாட்டின் குறுக்கே போகும் கால்நடை நோய்த்தடுப்பு வேலியில், வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். சைவக்காரர்கள் சிரித்துக்கொண்டே கடந்துபோகலாம்.

தான்சானியாவில் எனக்குப் பிடித்தது இரண்டும் கலந்த வழி. சமையல்காரரே இருக்கட்டும், பையில் வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற அவல் உப்புமா, ரவை மிக்ஸ் சில பொட்டலம், ஒரு தொக்குப் பாட்டில். நாலாம் நாள், முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் தவிர எல்லாம் தீர்ந்த பிறகு, அந்தத் தொக்குக்கு மொத்தக் குழுவும் கை நீட்டும்.

வழிக்கடை

சரணாலயங்களுக்குள் ஊர்க்கடை கிடையாது என்பதால் இது முழு வழி ஆகாது. ஆனால் அருஷா, ம்டோ வா ம்பு, கராட்டு ஆகிய ஊர்களில் வண்டி நிற்கும்போது வேறெதையும் யோசிக்காதீர்கள். மாமா ந்திலியே என்று அழைக்கப்படும் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் சோறும் மஹராகேவும் கீரையும் ஒன்றிரண்டு டாலருக்குள் முடிந்துவிடும். கூட்டம் நிறைந்த கடையாக, அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரமாகப் பார்த்து உட்காருங்கள். சிப்சி மயாயி என்பது வறுத்த உருளைக்கிழங்கு மேல் முட்டை ஊற்றிப் புரட்டி எடுக்கும் தட்டு. முட்டை சாப்பிடுகிறவருக்கு அதைவிட நம்பகமான சாலையோர உணவு அங்கே இல்லை. உகாலி, மக்காச்சோளக் களி, நம் களி சாப்பிட்டுப் பழகியவருக்கு வெறும் ஐந்து நிமிடப் பழக்கம். ம்டோ வா ம்புவில் செவ்வாழை வாங்காமல் போக வேண்டாம்.

மதியப் பெட்டி

உண்மையில் இந்தச் சுற்றில் ஆளுக்கு ஆள் புலம்புவது இரவுச் சாப்பாட்டைப் பற்றி அல்ல, மதியப் பெட்டியைப் பற்றி. விடியற்காலையில் பொரித்து ஆறிப்போன கோழித் துண்டு, வேகவைத்த முட்டை, காய்ந்த சாண்ட்விச், ஒரு கேக் துண்டு, சின்ன ஜூஸ் டப்பா, வாழைப்பழம். சைவப் பெட்டி என்றால் கோழி மட்டும் காணாமல் போகும். தினமும் இதே.

எதிர்த்தரப்பு: முகாமுக்குத் திரும்பிச் சூடான மதியச் சாப்பாடு. செரோனேராவில் முகாமும் விலங்குகளும் அருகருகே இருப்பதால் அது சாத்தியம். வெயில் உச்சியில் சிங்கமும் படுத்துத்தான் கிடக்கும், நஷ்டம் அதிகமில்லை. ங்கோரோங்கோரோ பள்ளத்தில் அது நடக்காது. அறுநூறு மீட்டர் கீழே இறங்கியவர்கள் சோற்றுக்காக ஏறி வரமாட்டார்கள். பெட்டிதான் கதி.

அந்தப் பெட்டியை அங்கே பெரும்பாலும் ங்கொய்டொகிடொக் என்ற இடத்தில்தான் திறப்பார்கள். நீர்யானைகள் கிடக்கும் சின்ன ஏரி, கரையில் மரம், நிழல், பார்க்க அழகான இடம். மேலே பருந்துகள், நம் ஊர்க் கரும்பருந்தின் நெருங்கிய உறவு. வண்டிக்கு வெளியே நின்று சாப்பிடுகிறவரின் வாய்க்கும் கைக்கும் நடுவே இருக்கும் கோழித் துண்டைப் பின்னாலிருந்து வந்து தூக்கிப்போவது அவற்றுக்குத் தினசரி வேலை; நகம் பட்டால் கன்னமும் கிழியும். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றி, கூரையை மூடிச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

பெட்டியை மாற்றலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. முதல் நாள் இரவே சமையல்காரரிடம் "சாண்ட்விச் வேண்டாம், நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் போதும்" என்று சொன்னால் அவருக்கும் அது சுலபம். ஆறினாலும் சப்பாத்தி சப்பாத்திதான்.

தண்ணீர்

சிக்கனத்துக்கு உண்மையான இடம் இது. முகாம் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. சிம்பா முகாமில் யானை சில நாள் தண்ணீர்த் தொட்டிக்கே வந்து தும்பிக்கையை விட்டுக் குடிக்கும், மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சூப்புக்கும் டீக்கும் கொதிக்கவைப்பதால் பயமில்லை. பச்சைத் தண்ணீருக்குத்தான் வழி தேட வேண்டும்.

அரை லிட்டர் பாட்டில்கள் மிக மோசமான தேர்வு: விலையும் அதிகம், குப்பையும் அதிகம். சில நிறுவனங்கள் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் மட்டும் கணக்கில் கொடுக்கும். புழுதியிலும் வெயிலிலும் ஒருவருக்கு மூன்று லிட்டராவது வேண்டும். அருஷாவிலேயே பெரிய கேன் ஒன்றிரண்டு வாங்கி வண்டியில் போட்டு, சொந்த பாட்டிலில் நிரப்பிக்கொள்வதே சிறந்தது. குளோரின் மாத்திரை இன்னும் மலிவு, ருசி மட்டும் நீச்சல்குள ருசி; கேன் தீர்ந்தால் பயன்படட்டும் என்று பையில் வையுங்கள். கென்யாவுக்கும் போகிறவர்கள் கவனிக்க: 2020 ஜூன் 5 முதல் அங்குள்ள தேசியப் பூங்காக்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. தின்பண்டத்தைத் துணிப்பையில் கட்டுங்கள்.

மலேரியா மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. அட்டோவாகோன்-ப்ரொகுவானில் என்றால் உணவோடு அல்லது பாலோடு. டாக்ஸிசைக்ளின் என்றால் பாலைத் தவிர்த்து, நிறையத் தண்ணீரோடு, விழுங்கியதும் படுக்காமல். எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். காலை டீயில் பால் வேண்டுமா என்பதை அதைப் பொறுத்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

டீ, காபி, பீர்

கிளிமஞ்சாரோ சரிவுகளில் அருமையான அராபிகா விளைகிறது. முகாம் மேசையில் வருவதோ புகோபாவில் தயாராகும் ஆஃப்ரிகாஃபே இன்ஸ்டன்ட் டப்பா. கெட்டது என்று சொல்லமாட்டேன், வெடவெடக்கும் விடியலில் எதுவும் அமிர்தம். காபிப் பித்தர்கள் அருஷாவில் அரைத்த தூள் வாங்கி, சின்ன டிகாக்ஷன் ஃபில்டரைக் கையோடு கொண்டுபோகலாம். எடைக்கு எடை இதைவிட லாபமான சாமான் எனக்குத் தெரியவில்லை.

குளிர்பானத்தில் என் ஓட்டு இஞ்சிக் காரம் தூக்கலான ஸ்டோனி தங்கவிசிக்கு. குலுங்கிக் குலுங்கிக் கலங்கிய வயிற்றுக்கு அது இதம். பீர் என்றால் கிளிமஞ்சாரோ, சஃபாரி, செரெங்கேட்டி. பெரும்பாலும் அரை லிட்டர் பாட்டில். கடையில் "மோட்டோ, பரீடி?" என்று கேட்பார்கள். குளிர்ந்தது வேண்டுமென்றால் பரீடி; அங்கே வெதுவெதுப்பாகக் குடிக்கிறவர்களும் உண்டு. கராட்டுவில் வாங்கி வண்டியின் ஐஸ் பெட்டியில் போடுவது, உள்ளே லாட்ஜ்களில் வாங்குவதைவிட வெகு மலிவு.

இருந்தாலும் ராத்திரியில் டீயையும் பீரையும் ஒப்பிட்டால் இரண்டுமே ஒரே இடத்தில் தோற்கும். முகாமில் கழிப்பறை கூடாரத்திலிருந்து கொஞ்ச தூரம். நடுநிசியில் ஜிப்பைத் திறந்து டார்ச் அடித்தால், புல்லில் இரண்டு பச்சைக் கண்கள் மின்னலாம். அது வரிக்குதிரையா வேறேதாவதா என்று பார்த்துத்தான் காலை வெளியே வைக்க வேண்டும். சூப்போடு நிறுத்திக்கொண்டு, பீரைப் பொழுது சாயும்போதே முடித்துவிடுங்கள். கூடாரத்துக்குள் தின்பண்டம் வேண்டவே வேண்டாம். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் தேசியப் பூங்காவில் யானைகள் வாசம் பிடித்து வருவதால் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களையே உள்ளே கொண்டுவர விடுவதில்லை. செரோனேராவில் அப்படி விதி இல்லாவிட்டாலும் வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் படுங்கள்.