டோக்கன் 34: அம்மாவின் மறதிக்கு மூன்று நிமிஷம்

கும்பகோணத்தில் மூன்று வாரம் இருந்துவிட்டு பர்மிங்காம் திரும்பி நாலு நாள் ஆகிறது. விமானம், டாக்சி, பேங்க், பத்திர வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அம்மாவுக்கு 72 வயது. ஆறேழு மாதமாகவே போனில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். வீட்டுக்குப் போய்க் கூடவே இருந்தபோதுதான் நிலவரம் புரிந்தது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி இல்லை இது. ஐம்பது வருஷமாக வைக்கிற வத்தக்குழம்பு, புளியைக் கரைத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பால்காரருக்குக் காலையில் கொடுத்த பணத்தைச் சாயங்காலம் மறுபடியும் கொடுத்திருக்கிறாள், அவர் நல்ல மனுஷர், தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பியோ "வயசாகுதுல்ல அக்கா, விடு" என்றான். எனக்கு விட முடியவில்லை.

சரி, முதலில் பக்கத்திலேயே ஒரு டாக்டரைப் பார்ப்போம் என்று எல்லோரும் போகிற ஒரு கிளினிக்கைச் சொன்னார்கள். முறையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், காலை ஏழு மணிக்கே தம்பி பையன் போய்ப் பேர் எழுதிவிட்டு வந்தான். டோக்கன் 34. ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். டாக்டர் வந்தது ஏழே கால். சுவரில் டிவி, சத்தமாக சீரியல், வாசல் வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் அம்மா என் பக்கம் சாய்ந்து மூன்று தடவை கேட்டாள்: "யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" மூன்று தடவையும் "சும்மா ஒரு செக்கப்தான்மா" என்றேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள், எதெல்லாம் மறக்கிறாள் என்று. அந்தத் தாள் மேசை மேலேயே கிடந்தது, அவர் கையில்கூட எடுக்கவில்லை. பிரஷர் பார்த்தார். என்னிடம் எந்த ஊரில் இருக்கிறேன், அங்கே குளிர் எப்படி என்று கேட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, தூக்கம் வருகிறதா, காது கேட்கிறதா, ஒன்றுமே இல்லை. "வயசானா மறதி வரத்தான்மா செய்யும், பயப்படாதீங்க, ஞாபக சக்திக்கு ஒரு கேப்சூல் எழுதறேன், மூணு மாசம் விடாம சாப்பிடட்டும்." ரத்தப் பரிசோதனை ஏதாவது என்று இழுத்தேன். "தேவைப்பட்டா அப்புறம் பார்க்கலாம்." மொத்தம் மூன்று நிமிஷம் இருக்கும். பக்கத்திலேயே மருந்துக் கடை. கேப்சூல், ஒரு சிரப், பாலில் கலக்கிற பவுடர் என்று பில் 3,460 ரூபாய்.

சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு டாக்டர் இருந்தார். ரோஸ் கலர் மிக்ஸ்சரைப் பாட்டிலில் ஊற்றி, அளவு தெரிய காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். அவரிடம் எந்த மெஷினும் கிடையாது. ஆனால் முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்து பாட்டியின் முழங்கால் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் நாடியைப் பிடிப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். ஜின்கோ என்கிற ஒரு மரத்து இலைச் சாறு, பிரம்மி, ஒமேகா 3. ஜின்கோவைப் பற்றி அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரம் பேருக்கு மேல் வைத்துச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம், ஏறக்குறைய ஆறு வருஷம். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் குறைவாக வரவில்லை. அதைவிட என்னை உலுக்கியது வேறு. அம்மா ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறாள், அதோடு ஜின்கோவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். மேசையில் கிடந்த என் தாளில் ஆஸ்பிரின் இரண்டாவது வரி. வல்லாரைத் துவையல் வேண்டுமானால் வாரம் நாலு நாள் அரைத்துப் போடட்டும், எனக்கு ரொம்பப் பிடித்தது, அது சாப்பாடு. கேப்சூல் விஷயம் அப்படி இல்லை, அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் வைத்தியம் நடக்கிறது என்று வீட்டில் எல்லோரும் மூன்று மாதம் நிம்மதியாக இருந்துவிடுவோம், பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே காலம் போய்விடும்.

பர்மிங்காமில் மறதி என்று ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம் போனால், மறதிக்கென்றே இருக்கிற மெமரி கிளினிக்குக்கு எழுதுவதற்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள். வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, கால்சியம், கிட்னி. மறதிக்குச் சரிசெய்யக்கூடிய வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆனால் அதற்கப்புறம் காத்திருப்பு இருக்கிறதே! எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு மெமரி கிளினிக் தேதி கிடைக்க ஐந்து மாதம் ஆனது. நம் ஊரில் மறுநாள் காலை ஆறரைக்கு லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான், மத்தியானம் மூன்று மணிக்கு வாட்ஸப்பில் ரிப்போர்ட். இந்த வேகத்தை இங்கே யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

தைராய்டு சரியாக இருந்தது. பி12 வெறும் 142. குறைந்தது 200-ஆவது இருக்க வேண்டும். அம்மா 12 வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள், அதை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். சுத்த சைவம் வேறு. அப்புறம் தம்பி தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னான். அப்பா காரியம் முடிந்த சமயத்தில் யாரோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை இரண்டு வருஷமாகத் தினமும் போட்டுக்கொள்கிறாளாம். கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை தருகிறார்கள். இந்த மாத்திரையே வயதானவர்களுக்கு மறதியைக் கூட்டும். எனக்கே தெரியாது என்பதால் என் தாளிலும் அது இல்லை. கேட்டிருந்தால் அம்மாவே சொல்லியிருப்பாள்.

இரண்டு நாளில் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அங்கே முக்கால் மணி நேரம். அம்மா எதுவரைக்கும் படித்தாள் என்று முதலில் கேட்டார்கள், எட்டாவது. ஒரு பெண் அம்மாவைத் தனியாக உட்காரவைத்துத் தமிழிலேயே கேள்வி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து சொல் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். 30-க்கு 22. அம்மாவுக்கு அது பெரிய குறை, வழியெல்லாம் "இன்னொரு தடவை எழுதலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஸ்கேன் அன்றைக்கே. டாக்டர் அல்சைமரா இல்லையா என்று இன்றைக்கே சொல்லமாட்டேன் என்றார். பி12 ஊசி, தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பது, காது சோதனை, ஆறு மாதம் கழித்து மறுபடி அதே பரிசோதனை. அல்சைமருக்குக் கொடுக்கிற டோனெபெசில் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஜின்கோவை அங்கேயே நிறுத்தச் சொன்னார்.

காது விஷயம் முக்கியம். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை வரிசைப்படுத்தியது, எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கு. காது கேளாமை, சர்க்கரை, பிரஷர், கெட்ட கொலஸ்ட்ரால், பார்வை, உடம்பை அசைக்காமல் இருப்பது, யாரோடும் பேசாமல் இருப்பது எல்லாம் அதில் உண்டு. அப்பா இருந்தவரைக்கும் இரண்டு பேரும் சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டுக் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வருவார்கள். அவர் போனபின் அம்மா வாசல்படியே தாண்டவில்லை. இதைக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த நானும் கவனிக்கவில்லை.

முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவிலேயே முதல் எம்டி படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் ஆரம்பித்தது. கிண்டியில் முதியோருக்கென்றே தனி மருத்துவமனை 2024-ல் திறந்தாயிற்று. நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. முன்னோடியாக இருந்த மாநிலத்தில் தெருமுனை கிளினிக்கில் நாலு கேள்வி கேட்க ஆளில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

இப்போது பக்கத்து வீட்டு மாமி அம்மாவைத் தினமும் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். தம்பி எல்லா மாத்திரைப் பேரையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறான், ஊசித் தேதியும் அதிலேயே.

கிளம்புவதற்கு முந்தின நாள் பி12 ரிப்போர்ட்டையும் என் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, கவரின் மேல் தேதியும் டோக்கன் 34 என்றும் எழுதி, அந்த கிளினிக்குக்குப் போய்க் கொடுத்தேன். சண்டை போட இல்லை, டாக்டர் ஒரு தடவை படித்தால் போதும் என்றுதான். கம்பவுண்டர் வாங்கிக்கொண்டார். பின்னால் ஒரு பெரியவர் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார், தன் டோக்கன் எத்தனை என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.