காட்மோட்9: எல்லாம் செய்யும், எதையும் சொல்லாது

மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்த 3டிஎஸ் கார்ட்டெல்லாம் மழையில பூத்துப்போயிடும் போலிருக்கு. உள்ள இருக்கறத எடுத்துப் பிரிச்சு வைக்க எந்த டூல் நல்லது?" காட்மோட்9, வேறு பேச்சில்லை. நின்டெண்டோ 3டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கன்சோலிலேயே ஓடும் கோப்பு மேலாளர் அது. ஆனால் இந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால் பத்தாம் நாள் அவர் நம்மைத் திட்டுவார்.

வெளி நிரல்களைக் கன்சோலில் ஓடவிடும் பூட்9ஸ்ட்ராப்பும் லூமாவும் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்தால் காட்மோட்9 வரும். செருகிய கார்ட் சி டிரைவாகத் தெரியும். டிரிம் என்று பெயரில் உள்ள கோப்பின்மேல் ஒய் பொத்தான், எஸ்டி கார்டுக்குள் போய் மறுபடி ஒய், கார்ட்டின் நகலான படிமம் வந்துவிடும். முழுப் படிமத்தைவிட, கடைசியில் உள்ள வெற்றிடத்தை வெட்டிய டிரிம்மே நல்லது. 4 ஜிபி கார்ட்டின் முழு அளவு 4,29,49,67,296 பைட். எஸ்டி கார்டின் எஃப்ஏடி32 அமைப்பு தாங்கும் கோப்பின் உச்சவரம்போ அதைவிடச் சரியாக ஒரு பைட் குறைவு.

இந்தக் கருவியின் அருமை தெரியவேண்டுமானால் அதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். விளையாட்டின் தரவு பூட்டப்பட்டே (என்க்ரிப்ட்) இருக்கும். அதைத் திறக்க, விளையாட்டின் அளவுக்கே பெரிதாக எக்ஸார்பேட் என்னும் திறப்புக் கோப்பைக் கன்சோலில் தயாரித்து, கணினிக்குக் கொண்டுபோய், அங்கே இரண்டையும் சேர்க்கவேண்டும். இப்போது எல்லாம் கையடக்கத்திலேயே முடிகிறது. சாவியின் ஒரு பாதி சிப்புக்குள் இருக்கிறது. மறுபாதி பெரும்பாலும் விளையாட்டுக் கோப்பில் என்சிசிஎச் என்னும் பகுதியின் தலைப்பில் உள்ள கையொப்பத்தின் முதல் 16 பைட். இரண்டையும் வன்பொருளே சேர்த்துக்கொள்கிறது, நாம் சாவி தேடி அலையவேண்டாம். படிமத்தின்மேல் ஏ அழுத்தி 'மவுண்ட்' செய்தால் விளையாட்டின் தரவுக் கோப்புகள் இருக்கும் ரோம்எஃப்எஸ் சாதாரணக் கோப்புறைபோலத் திறந்து நிற்கும். அங்கிருந்து நகலெடுப்பதெல்லாம் பூட்டு நீங்கியே வரும். இதற்காகவே இதை எழுதியவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

இனி வயிற்றெரிச்சல். 'டீக்ரிப்ட்' (பூட்டு நீக்கு) என்று கொடுத்தால் இரண்டு வழி கேட்கும்: ஜிஎம்9 கோப்புறையின் அவுட்டுக்குள் தனிப் பிரதி, அல்லது இருக்கிற இடத்திலேயே. இடமில்லையே என்று எல்லோரும் இரண்டாவதைத்தான் அழுத்துவார்கள். வேலை முடிந்தபின் பார்த்தால் பெயர் அதே, நீட்டிப்பு அதே, அளவும் கடைசி பைட் வரை அதே. ஏஇஎஸ் சிடிஆர் என்னும் பூட்டு முறையின் இயல்பு அது. சாவியிலிருந்து ஓர் எண்வரிசையை உண்டாக்கி, தரவின்மேல் பிட்டுக்குப் பிட் எக்ஸார் கணக்குச் செய்கிறார்கள், கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நெல்லையும் பதரையும் தூற்றினால் எடை காட்டிக்கொடுக்கும், இங்கே இரண்டும் ஒரே எடை. கார்டில் இருபது கோப்பு கிடந்தால் எது திறந்தது, எது பூட்டியது என்று பெயரைப் பார்த்து ஒருவராலும் சொல்லமுடியாது. பெயரோடு நான்கு எழுத்து ஒட்ட என்ன கேடு?

கணினிப் பக்கத்துக் கருவிகள் அதைவிட மோசம். சாவி எதுவும் கொடுக்காமல் பூட்டிய கோப்பை 3டிஎஸ்டூலிடம் நீட்டினால் முகம் சுளிக்காமல் பிரித்துத் தரும். எக்ஸ்ஹெடர் (விளையாட்டின் விவரத் தலைப்பு), எக்ஸ்இஎஃப்எஸ் (இயங்கும் நிரல்), ரோம்எஃப்எஸ் மூன்றும் வட்டில் வந்து உட்காரும், சரியான அளவில், உள்ளே முழுக்கக் குப்பையோடு. அடுத்த படியில் ரோம்எஃப்எஸ்ஸை விரிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும், அதுவும் காரணம் சொல்லாத ஒரு பிழையாக. அதைப் பார்த்து 'கார்ட் கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டி, நல்ல படிமத்தை அழிப்பவர்கள் உண்டு.

சோதிக்கும் வழி இது. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் காட்மோட்9இன் ஹெக்ஸ் எடிட்டரே போதும். 256ஆம் பைட்டில் என்சிஎஸ்டி என்ற நான்கெழுத்து தெரிந்ததும் பலர் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். அந்தத் தலைப்பு ஒருபோதும் பூட்டப்படுவதில்லை, ஆகவே அது எதற்கும் சாட்சியில்லை. 16896க்குப் போங்கள், ஹெக்ஸில் 4200. வழக்கமான கார்ட் படிமத்தில் முதல் பகுதி 16384இல் தொடங்கும். அதன் தலைப்பு 512 பைட், அதை ஒட்டி எக்ஸ்ஹெடர். விளையாட்டின் சுருக்கப் பெயர் அங்கே படிக்கும்படி இருந்தால் பூட்டு போய்விட்டது. இன்னும் உறுதி வேண்டுமானால் 16783ஆம் பைட்டில் 4 மதிப்புள்ள பிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், 'பூட்டில்லை' என்னும் கொடி அதுதான். பிரித்தெடுத்த ரோம்எஃப்எஸ் தனியாக இருந்தால் முதல் நான்கு எழுத்து ஐவிஎஃப்சி என்று வரவேண்டும். எக்ஸ்இஎஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் கோட் என்னும் நிரல் கோப்பு மட்டும் பூட்டு போனபின்னும் சுருங்கியே இருக்கும். அது வேறு விஷயம், 3டிஎஸ்டூலில் 'யு' சேர்த்துப் பிரித்தால் விரியும்.

அதே இடத்தில் திறப்பதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாதியில் பேட்டரி இறங்கினால் கோப்பின் முன்பாதி திறந்தும் பின்பாதி பூட்டியும் நிற்கும், கொடியை நம்பவும் முடியாது. சார்ஜர் மாட்டாமல் தொடாதீர்கள்.

நம்மூர் ஈரத்துக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி அடைமழையிலும், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றிலும் கார்ட்டின் தொடுமுனைகள் மங்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். அழிப்பான் வைத்துத் தேய்த்தால் பொன்முலாம் கையோடு வந்துவிடும். படிமம் எடுத்ததும் 'வெரிஃபை' கட்டாயம். எஸ்டி கார்டு மலிவாகக் கிடைத்ததென்றால் முதலில் அதன் உண்மைக் கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூவைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள், 64 ஜிபி என்று எழுதிய போலிகள் கடைத்தெருவில் கிடக்கின்றன.

சொந்தக் கார்ட்டோடு நிற்கவேண்டும். 2012 திருத்தத்தில் வந்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. படிமத்தை ஊருக்கெல்லாம் பகிர்ந்துவிட்டு 'பேக்கப்' என்று சொன்னால் செல்லாது.

பிரித்ததை மாற்றி மறுபடி கட்டவேண்டிய அவசியமும் இல்லை. மாற்றிய கோப்பை மட்டும் லூமாவின் டைட்டில்ஸ் கோப்புறையில், அந்த விளையாட்டின் எண்ணுக்குள் ரோம்எஃப்எஸ் என்று வைத்து, 'கேம் பேட்ச்சிங்'கை ஆன் செய்தால் போதும். தமிழில் உரை போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது வரம். பல விளையாட்டுகளில் உரை யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-16இல்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துரு வெறுமனே குறிகளை வரிசையாகப் போடும். 'கெ' என்று எழுதினால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். 2010இல் தமிழக அரசு ஏற்ற டேஸ்16 என்னும் தமிழ்க் குறியேற்றம் இதற்குக் கைகொடுக்கிறது. அதில் 'கெ'வுக்குத் தனிக் குறி, 'கூ'வுக்குத் தனிக் குறி, எல்லாம் யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில். அலுவலகங்களில் யாரும் சீண்டாத குறியேற்றத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

இவ்வளவும் செய்கிற, காசு கேட்காத கருவிக்குப் பத்துக்கு 9 தருவதுதான் நியாயம். 5 தருகிறேன். திறந்த கோப்புக்கும் பூட்டிய கோப்புக்கும் ஒரே பெயர் வைக்கிற வரைக்கும் அவ்வளவுதான்.