கம்பெனிக்கு வந்த மருத்துவப் பரிசோதனை வண்டி: இரண்டு வருட அனுபவம்

கோவை அரசூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் பதினேழு வருடமாகக் கோர் ஷாப் சூப்பர்வைசராக இருக்கிறேன். உலோகத்தை உருக்கிப் பம்புக்கும் மோட்டாருக்கும் காஸ்டிங் (வார்ப்பு) ஊற்றுகிற இடம். காஸ்டிங்குக்குள் வெற்றிடம் வருவதற்காக வைக்கிற மணல் அச்சுதான் கோர். வருடம் ஒருமுறை ஆட்களுக்கு உடம்பு பரிசோதனை செய்ய வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வண்டியோடு வரும். போன வருடம் வந்தது ஒன்று, இந்த வருடம் வந்தது வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். இரண்டின் பெயரையும் போடவில்லை. போட்டால் எங்கள் கம்பெனி எது என்று இந்த வட்டாரத்தில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். என்னோடு வேலை செய்கிறவர்களின் உடம்பு சமாச்சாரம் இது.

போன வருடம் வந்தவர்கள் நூற்றெண்பது பேரை ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். காது பரிசோதனைக்கு ஒதுக்கிய அறையின் அடுத்த சுவரில், காஸ்டிங்கைச் சுத்தம் செய்ய இரும்புக் குருணையை வேகமாக அடிக்கிற ஷாட் பிளாஸ்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் வருகிற சின்னச் சத்தம் அதில் யாருக்குக் கேட்கும்? மூச்சுப் பரிசோதனையில் ஆளுக்கு ஒரே ஊது. ரத்தம் எடுத்தார்கள், என்னென்ன டெஸ்டுக்கு என்று கேட்டதற்கு "எல்லாம் பொதுவா பாக்கறதுதானுங்க" என்றார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரிசல்ட் வந்த விதத்தைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து எச்.ஆருக்கு ஒரு எக்செல் ஷீட் மெயிலில் வந்தது. எல்லோருடைய பெயர், டோக்கன் நம்பர், சர்க்கரை, பிரஷர், ரத்த அளவு, நெஞ்சு எக்ஸ்ரே குறிப்பு எல்லாம் ஒரே ஷீட்டில். அளவு தப்பியவர்களுக்குச் சிவப்புக் கட்டம். எச்.ஆர் அதை அப்படியே சூப்பர்வைசர்கள் ஏழு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் டைம் ஆபீஸ் மேசையில் பிரிண்ட் அடித்துக் கிடக்கிறது. பஞ்ச் வைக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். தன் பெயரை மட்டுமா தேடுவார்கள்?

என் செக்‌ஷனில் கோர் போடுகிற அக்கா ஒருவருக்கு ஹீமோகுளோபின் 8.1 என்று அதில் இருந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அந்தக் கட்டத்தைப் பார்த்த காண்ட்ராக்டர் அடுத்த வாரமே அவரை ஓவர்டைமிலிருந்து எடுத்துவிட்டார். மயங்கி விழுந்தால் தன் தலையில் வந்து விடியும் என்ற பயம். அந்த அக்காவிடம் ரிசல்ட் இப்படி என்று யாரும் சொல்லவே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "ஏனுங் சார், நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா?" என்று கேட்டார். கையில் கோர் மணல் ஒட்டியிருந்தது. அவர் உடம்பில் என்ன குறை என்று கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான்தான் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் போன ஓவர்டைம் காசு போனதுதான்.

என் ரிப்போர்ட்டையும் கேட்டுப் பார்த்தேன். எச்.ஆர் "லேப்ல கேளுங்க" என்றது. லேப், "பணம் கட்டினது கம்பெனிங்க, கம்பெனிக்குத்தான் தருவோம்" என்றது. சங்கத்து அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த 41சி என்று ஒரு பிரிவு. ஆபத்தான வேலை நடக்கிற தொழிற்சாலையில் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை நிர்வாகம் சரியாக வைத்திருக்க வேண்டும், அது தொழிலாளி பார்க்கக் கிடைக்கவும் வேண்டும். ஆபத்தான தொழில்களின் பட்டியலில் ஃபவுண்டரியும் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளிலும், நோயாளி தன் மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். நான்காம் நாள் ரிப்போர்ட் கைக்கு வந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.1 சதவீதம். 6.5 வந்தால் சர்க்கரை நோய், நான் அதற்கு முந்தின படியில் இருக்கிறேன். இதை இங்கே நான் சொல்வது என் விருப்பம். டைம் ஆபீஸ் மேசை சொன்னது யார் விருப்பம்?

இந்த வருடம் வந்தவர்கள் வேறு மாதிரி. முதலில் ஒரு பக்கத் தாளைக் கையில் கொடுத்தார்கள். என்னென்ன டெஸ்ட், எதற்காக, ரிசல்ட் யாருக்குப் போகும் என்று தமிழில் அச்சடித்திருந்தது. எச்.ஐ.வி டெஸ்ட் இதில் இல்லை என்று தனியாக ஒரு வரி. 2017இல் வந்த சட்டப்படி ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அந்த டெஸ்ட் எடுக்கவும் கூடாது, முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. போன வருடம் அந்த ஒரு வரியைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் மனதுக்குள் பயந்தார்களோ.

காது பரிசோதனையைத் திங்கள்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்பே வைத்துக்கொண்டார்கள். பதினான்கு மணி நேரமாவது மெஷின் சத்தத்திலிருந்து காது ஓய்ந்திருந்தால்தான் சரியான அளவு தெரியும் என்றார் அந்தப் பெண் டெக்னீஷியன். ஊதுவதற்கு ஆளுக்கு ஒரு புதுக் குழாய், மூக்குக்கு கிளிப், மூன்று முறை. "இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க" என்று கூடவே நின்று சத்தம் போட்டு ஊதவைத்தார். முதல் நொடியில் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறோம் என்பதுதான் முக்கியமாம். சிலிக்கா மணல் தூசியில் நிற்கிறவனுக்கு இந்த எண் வருடா வருடம் எப்படி இறங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். நுரையீரலில் அந்தத் தூசியால் வருகிற சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது, முன்கூட்டியே தெரிந்தால் ஆளை அந்த இடத்திலிருந்து மாற்றலாம்.

ரிசல்ட் பத்தாம் நாள் வந்தது. மூடி ஒட்டிய கவர், மேலே பெயரும் டோக்கன் நம்பரும் மட்டும். கேண்டீனுக்குப் பின்னால் தட்டி வைத்து மறைத்த இடத்தில் டாக்டர் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்து ஐந்து நிமிடம் பேசினார். கம்பெனிக்குப் போனது ஆளுக்கு ஒரு வரி: இந்த வேலைக்குத் தகுதி, அல்லது இன்ன இடத்தில் போட வேண்டாம். நோயின் பெயர் கிடையாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ) 1997லேயே எழுதிவைத்த வழிகாட்டுதல் இதுதான். சிலிகோசிஸ் போன்ற தொழில்நோய் தெரிந்தால் மட்டும் அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தான் எழுதியாக வேண்டும், அது சட்டம் என்று டாக்டர் முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

காஸ்டிங்கின் பிசிறைத் தேய்த்து எடுக்கிற ஃபெட்லிங் பகுதியில் ஒரு அண்ணன் இருக்கிறார், இருபது வருடமாகக் கிரைண்டர் பிடிக்கிறவர். எங்கள் கம்பெனியில் நெஞ்சைப் பார்க்க வேண்டிய முதல் ஆள் அவர்தான். போன வருடம் அவருடைய சர்க்கரை அளவு டீக்கடை வரைக்கும் போய், பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் சொந்தக்காரர்களே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருடம் வண்டி வந்த அன்று லீவு போட்டுவிட்டார். "வேண்டாமுங் தம்பி, ஒருக்கா பட்டது போதும்" என்றார். தவறியவர்களுக்காக வண்டி மறு வாரம் வந்தபோது, அந்த ஒரு பக்கத் தாளை அவருக்குப் படித்துக் காட்டி, கம்பெனிக்குப் போகிற அந்த ஒரு வரிச் சான்று எப்படி இருக்கும் என்று என்னுடையதையே எடுத்துக் காட்டினேன். அப்புறம்தான் வந்தார். கவர் கிடைத்த அன்று பிரிக்காமல் தூக்குப்போசி வைக்கிற பையில் அடியில் வைத்துக்கொண்டு போனார்.

குறையும் இருந்தது. கவரோடு சேர்த்து, போனிலும் ரிப்போர்ட் பார்க்க லிங்க் அனுப்பினார்கள். எந்த நம்பருக்கு? எச்.ஆர் கொடுத்த நம்பருக்கு. ஒடிசா, பீகார் பையன்கள் பதினோரு பேருக்குப் பதிவில் இருந்தது காண்ட்ராக்டரின் நம்பர். பதினோரு பேரின் ரிப்போர்ட்டும் அவர் போனில் போய் உட்கார்ந்துவிட்டது. கவனித்துச் சொன்ன அன்றே லிங்க்கை நிறுத்தினார்கள், மறுநாள் ஆள் அனுப்பி ஒவ்வொருவரிடமும் நேரில் நம்பர் வாங்கினார்கள். சரி செய்தார்கள், ஆனால் முதல் நாளே மேசையில் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய நம்பர் அது. அந்தப் பையன்களுக்கு ரிப்போர்ட் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். டாக்டர் பேசிய ஐந்து நிமிடத்தை மொழிபெயர்க்க இன்னொரு தொழிலாளியைக் கூப்பிட்டார்கள், அங்கேயே ரகசியம் போய்விட்டது. இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவரை அவர்களே கூட்டிவர வேண்டும்.

அடுத்த வருடமும் இவர்களையே கூப்பிடச் சொல்லிப் பாதுகாப்புக் கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த இரண்டு குறையையும் சேர்த்து. உங்கள் கம்பெனிக்கு யார் வந்தாலும், ரத்தம் கொடுக்கக் கையை நீட்டும் முன் ரிசல்ட் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். போன வருடத்துப் பதிவையும் கமிட்டியில் எடுத்தோம். பதிவு கம்பெனியில் இருந்தாக வேண்டும், ஆனால் அது ஃபேக்டரி டாக்டரின் பூட்டுக்குள் இருக்கட்டும் என்று கேட்டு முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்த ஷீட்டை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். மற்ற ஆறு சூப்பர்வைசர்களில் நான்கு பேர் என் கண் முன்னால் அழித்தார்கள். இன்னும் இரண்டு பேரிடம் பேச வேண்டியிருக்கிறது.